அம்பாசிடரின் முன் சக்கரமும் ஒரு நூல்கண்டும்

பண்பொழி தைப்பூசத் தேரோட்டத்தைக் கூட்டத்துக்குள் புகுந்து கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். வடம் பிடித்து இழுப்பவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், தேரைத் திருப்புவது சக்கரத்தோடு சக்கரமாக ஓடிவரும் நாலைந்து பேர்தான். அவர்கள் கையில் இருப்பது வெறும் மரக்கட்டை. தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. அச்சு அச்சாகவே இருக்கும், சக்கரம் நேராகவே உருளும். வீதி முனை வந்ததும் ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் சரியான நொடியில் கொடுத்தால் அது தயங்கும், மறுபக்கம் முன்னேறும், தேர் நெறுநெறுவென்று தரையைத் தேய்த்துக்கொண்டே திரும்பும். முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் திட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம். தேர்வீதியில் அதுதான் ஸ்டீயரிங்!

அந்த 'நெறுநெறு'தான் இந்தக் கட்டுரையின் விஷயம். சக்கரம் தான் பார்க்கும் திசையில் உருளாமல் வேறு திசையில் இழுக்கப்பட்டால் தேய்கிறது. தேர் வருஷத்துக்கு ஒரு நாள் ஓடுகிறது, பரவாயில்லை. தினமும் ஓடுகிற வண்டிக்கு என்ன செய்வது?

ஐரோப்பாவில் குதிரை வண்டி செய்தவர்களுக்கும் இதே தலைவலிதான். முன் அச்சு முழுவதையும் நடுவில் ஓர் ஆணி வைத்துத் திருப்பினார்கள். திரும்பும்போது வண்டி சாயும், சில சமயம் குப்புற விழும். இரண்டு முன் சக்கரமும் தனித்தனி முளையில் திரும்பினால் என்ன என்று 18ஆம் நூற்றாண்டிலேயே யோசித்தவர் எராஸ்மஸ் டார்வின், பரிணாமம் சொன்ன சார்லஸ் டார்வினின் தாத்தா. வைத்தியம் பார்க்க ஊர் ஊராக வண்டியில் அலைந்தவர் என்பதால் வலி தெரிந்திருக்கிறது. பிறகு 1817இல் மியூனிக் நகரத்து வண்டி செய்பவர் கியார்க் லாங்கென்ஸ்பெர்கர் அதை உருப்படியாகச் செய்து காட்டினார். வளைவில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்தில் போகிறது, வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது. ஆகவே உள்சக்கரம் கொஞ்சம் அதிகமாகத் திரும்ப வேண்டும். 1818இல் லண்டனில் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் அவருடைய ஏஜென்ட், ருடால்ஃப் ஆக்கர்மன். இன்று உலகம் முழுக்க இதன் பெயர் 'ஆக்கர்மன் ஸ்டீயரிங்'. கண்டுபிடித்தவர் பெயர் போய் ஏஜென்ட் பெயர் நின்றுவிட்டது. வணிகவியல் மாணவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

சரி, தேரிலிருந்தும் குதிரை வண்டியிலிருந்தும் காருக்கு வருவோம்.

'அலைன்மென்ட்' என்று ஒர்க்ஷாப்பில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே மூன்று கோணங்கள் இருக்கின்றன. இரண்டு முன் சக்கரங்களையும் மேலிருந்து பார்த்தால் முன்விளிம்புகள் சற்றே நெருங்கி இருப்பது 'டோ-இன்', விலகி இருப்பது 'டோ-அவுட்'. முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது 'கேம்பர்'. மூன்றாவது 'காஸ்டர்', இதைப் புரிந்துகொள்ள ஒரு சைக்கிள் போதும். சைக்கிளின் முன் போர்க் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருக்கிறது அல்லவா? அதனால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. காரில் சக்கரம் திரும்பும் முளையும் இப்படித்தான் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். திருப்பம் முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் இந்தச் சாய்வு.

மூன்றில் பர்ஸைக் கடிப்பது டோ. ஒரு சின்னக் கணக்கு. ஒரு சக்கரம் போக வேண்டிய திசையிலிருந்து ஒரே ஒரு டிகிரி விலகி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 100 கிலோமீட்டருக்கு 1.7 கிலோமீட்டர்! கணக்குப் பதிவியலில் தேய்மானத்துக்கு நேர்கோட்டு முறை, குறைந்து செல் இருப்பு முறை என்றெல்லாம் இருக்கிறது. அலைன்மென்ட் போன டயரின் தேய்மானம் இந்த இரண்டுக்கும் அடங்காது.

இனி அம்பாசிடர். அதன் பூர்வீகம் இங்கிலாந்து என்பது எல்லோருக்கும் தெரியும். முன்சக்கர அமைப்பின் பூர்வீகம் அவ்வளவாகத் தெரியாது. 1948இல் வந்த மோரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். (மினி காரைக் கொடுத்தவரும் இவரே.) முன் சக்கரத்துக்கு அவர் சுருள் ஸ்பிரிங் வைக்கவில்லை, நீளமான ஓர் இரும்புத் தண்டை வைத்தார். 'டார்ஷன் பார்', முறுக்குத் தண்டு. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது தண்டு முறுக்கிக்கொண்டு திரும்பி விடும். நனைந்த துணியைப் பிழிந்து விட்டால் சற்றே விரிகிறதே, அது மாதிரி. கூடவே ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். மைனரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. மாதிரி வண்டி ரொம்ப ஒடுக்கமாகத் தெரிந்ததால் அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவில் நாலு அங்குலம் தள்ளிவைத்துப் பார்த்தார். பிடித்துப்போய் அப்படியே தயாரித்தார்கள். காரை அறுத்து மாற்றுவது ஏதோ நம்மூர்ப் பட்டறைக்காரர்கள் மட்டும் செய்கிற காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மைனரின் அண்ணன் மாதிரி வந்தது மோரிஸ் ஆக்ஸ்போர்டு. அதே முறுக்குத் தண்டு, அதே ஸ்டீயரிங். அந்த ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசைதான் 1950களின் கடைசியில் கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் 'ஹிந்துஸ்தான் அம்பாசிடர்' ஆயிற்று. 2014 மே மாதம் தொழிற்சாலை நிற்கும் வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக. ஒரு வடிவம் இத்தனை வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தது? 1950களில் இங்கே பாகங்களைக் கோர்த்து மட்டும் விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கொள்கை மாறியதால் கிளம்பிப் போயின. மீதி இருந்தவை மூன்று: அம்பாசிடர், ஃபியட், நம்ம மெட்ராஸ் ஸ்டாண்டர்டு. 1983 டிசம்பரில் மாருதி வரும் வரைக்கும் போட்டி என்பது பெயருக்குத்தான். போட்டி இல்லாத இடத்தில் எதை மாற்ற வேண்டும்? கம்பெனி பெரிதாக மாற்றாததை வாங்கினவர்கள் மாற்ற ஆரம்பித்தார்கள்.

இதற்குக் குற்றாலம் சீசனைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனி, ஆடியில் சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசியிலும் செங்கோட்டையிலும் ஸ்டாண்டில் நின்ற வெள்ளை அம்பாசிடர்களுக்கு ஓய்வே இருக்காது. ஐந்து பேர் உட்கார வேண்டிய காரில் எட்டு ஒன்பது பேர், டிக்கியில் ஈரத்துணி மூட்டை, மேலே கேரியரில் பெட்டிகள். ஐந்தருவி, பழைய அருவி சுற்றிவிட்டு புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு வரை ஒரு ட்ரிப். பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி அமுங்கும். அதற்கு எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம், பின்னால் பட்டை ஒன்று கூடுதலாகப் போடுவது.

இங்கேதான் வேடிக்கை. பட்டையைப் போட்டது பின் சக்கரத்துக்கு. கெட்டது முன் சக்கரம்!

எப்படி என்று பாருங்கள். அம்பாசிடரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 97 அங்குலம், அதாவது 246 செ.மீ. கூடுதல் பட்டையால் ஆளில்லாத வண்டியின் பின்பக்கம் 5 செ.மீ. உயர்கிறது என்றால், முழு வண்டியும் முன்னால் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே கவிழ்ந்து நிற்கிறது. வண்டியோடு சேர்ந்து அந்தச் சாய்ந்த முளையும் நிமிர்கிறது. காஸ்டர் மொத்தமே இரண்டு மூன்று டிகிரிதான் இருக்கும் வண்டியில் ஒரு டிகிரி போய்விட்டால் பெரிய பங்கு போனது மாதிரி. ஸ்டீயரிங் லேசாகிவிடும். லேசானது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நேர் ரோட்டில் வண்டி அலையும், திருப்பத்தில் ஸ்டீயரிங் சோம்பலாகத் திரும்பி வரும். சவாரி ஏற்றினால் சரியாக ஓடுகிறது, காலியாக வந்தால் அலைகிறது. மெக்கானிக் முன் சக்கரத்தைத் திருகித் திருகிப் பார்ப்பார், கோளாறோ பின்னால் பட்டைக்கட்டில் இருக்கும்.

இரண்டாவது மாற்றம் டீசல். 1980 வாக்கில் மார்க் 4 வரிசையில் 1489 சி.சி. டீசல் என்ஜினோடு கம்பெனியே அம்பாசிடரை விட்டது. இந்தியாவின் முதல் டீசல் கார் என்று பெயர் வாங்கியது. வெறும் 37 குதிரைத்திறன். மலை ஏறும்போது கூடவே ஓடலாம் போல இருக்கும்! ஆனாலும் டாக்ஸிக்காரர்களுக்கு டீசல் விலைதான் கணக்கு. கம்பெனி வண்டி வாங்க முடியாதவர்கள் பழைய பெட்ரோல் அம்பாசிடரில் வேறு டீசல் என்ஜினைத் தூக்கி வைத்தார்கள். டீசல் என்ஜின் கனம் கூடியது. பெட்ரோல் என்ஜினுக்கு அளவெடுத்த முறுக்குத் தண்டு அந்தப் பாரத்தில் இன்னும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ள, மூக்கு இறங்கும். மூக்கு இறங்கினால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல்கையும் கீழ்க்கையும் வேறு வேறு வட்டத்தில் நகர்வதால் கேம்பர் மாறும். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடு இன்னொரு வட்டத்தில் நகர்வதால் டோவும் மாறும். என்ஜின் மாற்றினவருக்கு மைலேஜ் கிடைத்தது, டயர்க் கடைக்காரருக்கு வியாபாரம் கிடைத்தது.

இறங்கிய மூக்கைத் தூக்க வழி இருந்தது. முறுக்குத் தண்டின் முனையில் பற்கள் உண்டு. பின்முனையைப் பிடித்திருக்கும் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் முன்பக்கம் எழும்பும். இது இஸிகோனிஸ் வடிவத்தின் அழகு, ஸ்பிரிங் வாங்காமலே உயரத்தை மாற்றலாம். ஆபத்தும் அதுவேதான். இரண்டு பக்கமும் ஒரே உயரமா என்று அளக்காமல் ஒரு பக்கம் மட்டும் ஒரு பல் கூட்டினால் வண்டி அந்த மூலையில் தூக்கி நிற்கும். நல்ல தார் ரோட்டில் டிரைவருக்கு அது தெரியாமலே போகலாம். மழையில் புளியரை இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது, ஒரு பக்கம் இழுப்பது என்றால் என்ன என்று தெரியும்.

இந்தக் குடும்பத்து வண்டிகளில் ஒரு முக்கியமான விஷயம், திருகிச் சரி செய்ய முடிந்தது டோ ஒன்றைத்தான். கேம்பரும் காஸ்டரும் வடிவத்திலேயே தைக்கப்பட்டவை. அவை மாறியிருந்தால் அர்த்தம், உயரம் மாறியிருக்கிறது, இல்லை புஷ் தேய்ந்திருக்கிறது, இல்லை ஏதோ வளைந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பழைய மெக்கானிக்குகள் நேராக டை ராடில் ஸ்பானரை வைக்க மாட்டார்கள். முதலில் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் இருந்தால் அலைன்மென்ட் பேச்சே கிடையாது, அதைச் சரி செய்துவிட்டு வா என்பார்கள். அடுத்து நாலு டயரிலும் காற்று. அடுத்து சமதரையில் நிறுத்தி இடம் வலம் உயரம். அதற்கப்புறம் தூக்குக்குண்டு. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற அதே குண்டுதான், அதைச் சக்கரத்தின் ஓரத்தில் தொங்கவிட்டு மேலும் கீழும் இடைவெளி பார்த்தால் கேம்பர் தெரிந்துவிடும். கடைசியில்தான் டோ.

டோ பார்க்கும் முறை இன்னும் அழகு. முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு டயரின் நடுவில் சாக்பீஸ் பிடித்து, அதன்மேல் கூர்மையான ஆணியால் ஒரு கோடு கீறுவார்கள். டயர் கோணலாக இருந்தாலும் சுழலவிட்டுக் கீறின கோடு நேராக இருக்கும். வண்டியை இறக்கியதும் அளக்கக் கூடாது. இறக்கும்போது டயர் தரையில் இழுபட்டு மடங்கி நிற்கும். கொஞ்சம் முன்னே உருட்டி, பானெட்டை நாலு முறை அமுக்கிவிட்டு, அப்புறம்தான் அளவு. அச்சு உயரத்தில் முன்பக்கம் இரண்டு கோடுகளுக்கும் இடையே எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, அதே புள்ளி பின்னால் வரும் வரை வண்டியை உருட்டி மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம்தான் டோ. பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை நூல் கட்டிப் பார்ப்பது ஸ்டீயரிங் நடுவில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. இரண்டு டை ராடுகளையும் ஒரே அளவு திருகாமல் ஒன்றை மட்டும் திருகினால் டோ சரியாகிவிடும், ஸ்டீயரிங் வீல் மட்டும் கோணல் வாயோடு நிற்கும். அப்படி நிற்கிற அம்பாசிடரைப் பார்த்தால் அவசரத்தில் செய்த வேலை என்று சொல்லிவிடலாம்.

இன்றைக்குக் கேமரா வைத்த கம்ப்யூட்டர் அலைன்மென்ட் தசம ஸ்தானம் வரை காட்டுகிறது. நூலைவிடத் துல்லியம், சந்தேகமே இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் பச்சை காட்டும் அளவு கம்பெனி விட்ட வண்டிக்கானது. உயரத்தை மாற்றி, பழைய குறுக்கு நூல் டயரை எடுத்துவிட்டு ரேடியல் போட்ட அம்பாசிடருக்கு அந்தப் பழைய எண் அப்படியே பொருந்தாது. பொதுவாக ரேடியலுக்கு டோ-இன் குறைவாகவே போதும். பழைய புத்தகத்து எண்ணை வைத்துவிட்டு டயர் ஏன் வெளியோரம் தேய்கிறது என்று கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை.

தமிழ்நாட்டின் சொந்தக் காரைச் சொல்லாமல் விட முடியாது. மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி பெருங்களத்தூர் பக்கம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் முன்சக்கர அமைப்பு அம்பாசிடருக்கு நேர் எதிர். சுருள் ஸ்பிரிங், மேலும் கீழும் முக்கோணக் கைகள், கீழ்க்கையைச் சேஸிஸோடு பிணைக்கும் இடத்தில் மெல்லிய தகடுகள். 'ஷிம்' என்பார்கள். ஒரு தகட்டை எடுத்தால் கேம்பர் மாறும், முன்னும் பின்னும் வேறு வேறு எண்ணிக்கையில் வைத்தால் காஸ்டர் மாறும். இங்கிலாந்தில் லோட்டஸ் மாதிரி பந்தயக் கார் செய்தவர்கள் ஹெரால்டு குடும்பத்து முன்சக்கர பாகங்களை எடுத்துப் பயன்படுத்தியதற்கு இந்த வசதியும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலத்தில், தாழ்த்தி முறுக்கேற்றிய பழைய கார்கள் ஓடியதை இன்னும் பேசிக்கொண்டிருப்பவர்கள் சென்னையில் உண்டு. 1990இல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது.

ஹெரால்டுக்கு வியாதி பின்னால். ஆள் ஏற ஏறப் பின் சக்கரங்கள் தலையை உள்ளே சாய்த்துக்கொள்ளும். நம்மூர்க் குடும்பம் மொத்தமும் ஏறினால் கேட்கவே வேண்டாம். 1970களில் வந்த கெஸல் மாடலில் கம்பெனியே அதை எடுத்துவிட்டு சாதாரண நேர் அச்சு போட்டது. ஆக, வாங்கினவர் மட்டும் அல்ல, சில சமயம் செய்தவரும் மாற்றத்தான் செய்தார். ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: முன் சக்கரம் திரும்பும் அடி மூட்டுக்குக் கிரீஸ் அல்ல, கியர் ஆயில். அது காய்ந்து தேய்ந்தால் எந்த அலைன்மென்டும் நிற்காது, ஒரு நாள் சக்கரமே மடங்கிவிடும்.

இப்போது இந்தக் கார்கள் டாக்ஸி ஸ்டாண்டை விட்டுச் சேகரிப்பாளர்களின் ஷெட்டுக்குப் போய்விட்டன. முறுக்குத் தண்டை எடுத்துவிட்டு வேறு காரின் முன்பாகத்தையே வெட்டி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பவர் ஸ்டீயரிங், டிஸ்க் பிரேக், தாழ்ந்த உயரம் எல்லாம் கிடைக்கும். கேம்பரும் காஸ்டரும் அந்த வெல்டிங் வைத்தவரின் கண்ணளவைப் பொறுத்தது. டோ மட்டும்தானே அலைன்மென்ட் கடையில் திருக முடியும்? வெல்டிங்கில் போன காஸ்டரைக் கடைக்காரர் எங்கிருந்து கொண்டுவருவார்?

சட்டமும் நடுவில் வந்து நிற்கிறது. 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு 'விண்டேஜ்' வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. தேறினால் நம்பரில் 'வி.ஏ.' எழுத்துகள் கிடைக்கும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 1975க்கு முந்திய மார்க் 2 அம்பாசிடர்களும் அந்தக் காலத்து ஹெரால்டுகளும் எல்லாமே வயதில் தேறிவிட்டன. முன்பாகத்தை வெட்டி ஒட்டிய வண்டி அந்த வரிசையில் நிற்பது கஷ்டம். ஒரு பல் தள்ளி மாட்டிய முறுக்குத் தண்டை மறுபடி ஒரு பல் திருப்பி மாட்டிவிடலாம், பின்னால் போட்ட பட்டையை உருவிவிடலாம், டை ராடைத் திருகி நூல் பிடித்துப் பார்த்துவிடலாம். ஆக்ஸிஜன் கட்டரால் அறுத்த சேஸிஸை அப்படித் திருப்ப முடியாது.